காது டாக்டரும் மாமனார் காரும்

அந்தத் தெருவில் அவரைக் காது டாக்டர் என்றுதான் சொல்வார்கள். வைத்தியம் பார்ப்பது என்னவோ காருக்கு. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். திறக்கும்போது எந்தச் சாமானைக் கழற்றுவது என்று தீர்ப்பு வந்துவிடும். கடவுள் முகத்தில் இரண்டு கண்ணையும் வைத்திருக்கிறாரே, அவற்றுக்கும் கொஞ்சம் வேலை கொடுப்போம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

யாரோ ஒருவருடைய டயர் கடை ஓரத்தில் ஒண்டிக்கொண்டு பிழைத்தவருக்கு ஒரு வழி திறந்தது. மாமனார் வீட்டை ஒட்டிய ஷெட் காலியானது. "என் வண்டி சூடாகுறத நிறுத்திக் காட்டுங்க மாப்பிள்ளை, ஷெட்டை உங்களுக்கே விடுறேன். இல்லேன்னா சோபா தைக்கிறவர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றார் மாமனார்.

அந்தக் கார் வேகமாகப் போகும்வரை சாதுவாக இருக்கும். சிக்னலில் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். ரேடியேட்டர் ஃபேன் எரிந்துபோனதால் போன மாதம்தான் டாக்டர் ஒரு பழைய மோட்டாரை வாங்கி மாட்டியிருந்தார். அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து. ஆனால் ஃபேன் சுற்றியதே! சுற்றுகிற ஃபேனைச் சந்தேகப்படுவது பாவம் என்பதுபோல மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார், வாட்டர் பம்ப்பை மாற்றினார், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். முள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், மாமனார் கியர் போடும் லட்சணம்தான் காரணம் என்று மனைவியிடம் சொன்னார். எங்கப்பா உங்க லட்சணத்தைச் சொல்றார் என்று அவள் துணி அலசப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சோபாக்காரர் ஷெட்டை அளக்க டேப்போடு வந்து இறங்கினார். டாக்டர் ஓடிப்போய் வாசலில் காரை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் காதை வைத்தார். துணி வாளியோடு காரின் முன்னால் வந்த மனைவியின் முகத்தில், ஃபேன் ஓடத் தொடங்கியதும் அனலும் தூசியும் வந்து அப்பின.

"ஏங்க, இந்த ஃபேன் காத்தை உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?"

உள்ளேதான் இழுக்கணும், வெளிக்காற்று ரேடியேட்டர் வழியாகப் போனால்தானே தண்ணீர் ஆறும், இதுகூடத் தெரியாதா என்று அவர் பாடம் நடத்தினார்.

"அப்ப ஏன் என் மூஞ்சில அடிக்குது?"

ஈரத் துண்டு ஒன்றை எடுத்து முன் கம்பிகளுக்கு நேரே பிடித்தாள். உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டிய துண்டு வெளியே பறந்தது. டாக்டர் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். மோட்டாரின் இரண்டு வயரையும் அவரே இடம் மாற்றிச் சொருகியிருந்தார். ஃபேன் தலைகீழாகச் சுற்றி அனலைத் துப்பிக்கொண்டிருந்தது. வண்டி ஓடினால் எதிர்க்காற்று அதை அடக்கிவிடும். நின்றால் ஃபேன் வைத்ததுதான் சட்டம்.

வயரைச் சரியாகச் சொருகியதும் முள் பாதியிலேயே நின்றுகொண்டது.

என்ன கோளாறு என்று மாமனார் வந்து கேட்டார். பழைய மோட்டார் என்றால் இப்படித்தான், செய்தவன் சரியில்லை என்று டாக்டர் இழுத்தார். மனைவி முகத்துத் தூசியைத் துடைக்காமல் அப்படியே நின்று அவரையே பார்த்தாள்.

"நான்தான் மாமா வயரை மாத்திப் போட்டுட்டேன்." வழக்கமாகத் தெருவுக்கே கேட்கிற டாக்டர் குரல், சோபாக்காரர் காதில் விழக் கூடாதே என்று தரையோடு தரையாக வந்தது.

மாமனார் ஷெட் சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தார். "இவ பார்த்துச் சரின்னு சொல்லாம ஒரு வண்டியும் வெளிய போகக் கூடாது, மாப்பிள்ளை."

இப்போது ஷெட்டுக்கு எந்தக் கார் சூடாகி வந்தாலும் அவள்தான் முதலில் துண்டைப் பிடிக்கிறாள். டாக்டர் பக்கத்தில் நின்று, இது தானே கண்டுபிடித்த பரிசோதனை என்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.