கழற்றிப் பார்க்காமல் கையெழுத்திடாத தனலெட்சுமி

செவ்வாய்க்கிழமை காலை, முதல் வரிசை நோயாளிகளை இயந்திரங்களோடு இணைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசியில் செய்தி வந்தது. தனலெட்சுமியின் எண்ணிலிருந்துதான் வந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதாக எழுதியிருப்பார் என்று நினைத்து, கையுறையைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். அவருடைய கணவர் முருகையா அனுப்பிய மரண அறிவிப்பு அது. படத்தில் தனம் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் அவரை நான் சேலையில் பார்த்ததே இல்லை. நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் டார்ச் விளக்கு. எனக்குத் தெரிந்த தனம் அவ்வளவுதான். யாரோ ஒருவருடைய செய்தி தவறி எனக்கு வந்துவிட்டது என்று ஒரு கணம் நம்பினேன். பிறகு பெயரைப் படித்தேன்.

பூச்சோங்கில் வாழ்ந்த தனம் ஏர்கான் பழுதுபார்ப்பவர். பிரிக்பீல்ட்ஸில் அவரைத் தெரியாத விடுதிக்காரர்கள் குறைவு. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் தலைமைத் தாதியாக இருக்கும் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் எட்டு ஏர்கான்களும் அவர் பொறுப்பில் இருந்தன. எங்களுடையவை பழைய வகை. சுவரைத் துளைத்து, துளைக்குள் ஓர் இரும்புக் கூட்டைப் பதித்து, அதற்குள் முழுப் பெட்டியையும் செருகியிருப்பார்கள். பெட்டியின் முன்பக்கம் நோயாளியைப் பார்க்கும், பின்பக்கம் கடற்காற்றைப் பார்க்கும். அந்தக் காற்று எங்கள் கட்டடத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. கதவுக் கீலும் ஜன்னல் கம்பியும் வாங்கிய சில மாதங்களிலேயே பழுப்பேறிவிடும்.

அவர் முதன்முதலாக வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பெட்டிகள் நின்று போயிருந்தன, மூன்றாவது அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. எந்த அறை குளிரவில்லை என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள், "பின்னால எப்படிப் போறது, சிஸ்டர்?" என்று கேட்டார். ஏணி போட்டு ஏறி, பெட்டியின் பின்புறக் கம்பி வலையை விரலால் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உப்பு. கடல் உள்ள வந்து ரொம்ப நாள் ஆச்சு லா" என்றார். "அது மட்டும் இல்ல. முன்ன வந்தவங்க கெமிக்கல் அடிச்சிட்டு சரியா அலசாம போயிருக்காங்க. காயில்ல இருக்கிற தகட்ட பாருங்க, தொட்டா பிஸ்கட் மாதிரி உதிருது."

"இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?" என்று கேட்டேன்.

"தண்ணி. பைப்புல வர்ற நல்ல தண்ணி. மெயின் சுவிட்ச அடைச்சிட்டு, மெதுவா, மாசத்துக்கு ஒரு தடவ. மருந்தெல்லாம் அப்புறம் பேசலாம்."

தாதியாக இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. பெரிய பெரிய மருந்துகளைச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கை கழுவச் சொல்பவர்கள்தான் குறைவு.

தனம் இந்த வேலைக்கு நேராக வரவில்லை. ஷா ஆலமில் ஓர் ஏர்கான் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர். செப்புக் குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அந்தப் பிரிவை மூடியபோது கூட வேலை செய்த பெண்கள் பேரங்காடிகளுக்கும் துணிக்கடைகளுக்கும் போனார்கள். தனம் பழுதுபார்க்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். "பதினெட்டு வருசமா குமிழி பாத்த கண்ணு சிஸ்டர் இது. இத கொண்டு போயி கல்லாவுல உட்கார வைக்கச் சொல்றீங்களா?" என்று சிரிப்பார். முருகையா லோரி ஓட்டுநர். சனிக்கிழமைகளில் மனைவியோடு வந்துவிடுவார். மனைவியை ஏணியில் ஏற விடுகிறீர்களே என்று எங்கள் நோயாளி ஒருவர் அவரைக் கேட்டபோது, "ஏற விடறது என்னங்க, ஏணிய புடிச்சிக்கிறதே நான்தான்" என்றார் அவர்.

எங்கள் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் தனத்துக்கும் நடந்த வாக்குவாதத்தை அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேறொருவர் வந்து, எட்டுப் பெட்டிகளையும் உள்ளும் புறமும் தடித்த கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்துவிடுவதாகவும், துருவே பிடிக்காது என்றும் சொல்லியிருந்தார். தலைவருக்கு யோசனை பிடித்திருந்தது. தனம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இரும்புக் கூட்டுக்குச் சாயம் அடிங்க, சார். துருவ நல்லா சுரண்டி எடுத்துட்டு, அடிச்சாயம் போட்டு, அதுக்கு மேல அடிங்க. நானே அடிச்சித் தரேன். ஆனா காயிலுக்கு அது வேணாம். சூட்ட வெளிய தள்ளுறதே அந்தக் காயில்தான். ரெயின்கோட் போட்டுக்கிட்டு வெயில்ல ஓடுன்னா உங்களால ஓட முடியுமா?" காயிலுக்கென்று மெல்லிய பூச்சு ஒன்று தனியாக இருப்பதையும், அதைக்கூடச் சுத்தமான காயிலின் மேல் மட்டுமே பூச முடியும் என்பதையும் அன்றுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். தலைவர் கடைசியில் சிரித்துவிட்டார். சாயக்காரர் மறுபடி வரவில்லை.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் சம்பவம் அல்ல. ஆனாலும் அதைச் சொல்லாமல் தனத்தைப் பற்றி எழுத முடியாது.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் கூட்டிலிருந்து வெளியே இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு சனிக்கிழமை மாலை, நோயாளிகள் போன பிறகு, இரண்டாம் அறையில் ஆறாம் பெட்டியை இழுத்தார். சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். டார்ச்சை அடித்துக் காட்டினார். கூட்டின் அடித்தட்டு ஒரு மூலையில் முழுவதுமாகத் தின்னப்பட்டு, கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. வெளியே வடிய வேண்டிய தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டைக்கு நேர் கீழே, சுவருக்குள், நோயாளிகளின் இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்புகள்.

"இந்த ரூம மூடணும், சிஸ்டர். நாளைக்கும் திங்கக்கிழமையும்."

ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமை அப்படி இல்லை. அந்த அறையின் நான்கு நாற்காலிகளில் காலையும் மதியமுமாக எட்டுப் பேர் வருவார்கள். வெள்ளிக்கிழமை சுத்திகரித்துக்கொண்டு போனவர்கள். அவர்களைச் செவ்வாய்வரை காக்க வைப்பது விளையாட்டு அல்ல, உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். நான் முடியவே முடியாது என்றேன். பெட்டியைத் திரும்பச் செருகிவிடுங்கள், திங்கட்கிழமை அதை ஓட்டாமல் வைத்திருக்கிறோம், அடுத்த வாரம் ஏதாவது செய்யலாம் என்றேன். சர்வீஸ் தாளை எடுத்து அவர் முன் வைத்தேன். அந்தத் தாளில் அவர் கையெழுத்து இருந்தால்தான் திங்கட்கிழமை அறையைத் திறக்கலாம் என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதியவளே நான்தான்.

"என்னால முடியாது, சிஸ்டர்" என்றார் தனம். குரல் உயரவில்லை. "ஏர்கான் மட்டும்னா செருகிட்டுப் போயிடுவேன். சுவர் உள்ளுக்குள்ள எவ்வளவு நனைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

எனக்குக் கோபம் வந்தது. "எட்டு உயிர் தனம். உங்களுக்கு அது புரியுதா?" என்று கத்தினேன். சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏணி அருகில் நின்ற முருகையா தரையைப் பார்த்தார். தனம் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"புரியறதாலதான் சொல்றேன். நீங்க ஊசி குத்துறதுக்கு முன்னாடி பேரையும் மருந்தையும் ரெண்டு தடவ பாக்குறீங்க இல்ல? யாராவது அவசரப்படுத்துனா பாக்காம குத்துவீங்களா?" பிறகு கேட்டார்: "போன மாசம் இந்த ரூம்ல கரண்ட் ட்ரிப் ஆச்சா?"

ஆகியிருந்தது. இரண்டு தடவை. இரண்டு தடவையும் சுவிட்சைத் தூக்கிவிட்டு வேலையைப் பார்த்தோம். அதை அவரிடம் சொன்னபோது என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"சரி, முதல் ரூம் நல்லா இருக்கு. திங்கக்கிழமை எட்டு பேரையும் நாளைக்கே அங்க வரச் சொல்ல முடியுமா?" என்றார் தனம்.

எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த மாலையே மருத்துவரிடம் பேசினேன், அவர் சரி என்றார். தாதியர் மூவர் விடுமுறையை விட்டுக்கொடுத்தார்கள். எட்டு வீடுகளுக்கும் நானே பேசினேன். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற ராமசாமி அங்கிள்தான் அதிகம் சண்டை போட்டார். "ஏர்கான் கெட்டா எனக்கு என்னம்மா? விசிறி எடுத்துட்டு வரேன். ஞாயித்துக்கிழமை பேரப்பிள்ளைங்க வருவாங்க" என்றார். எப்படியோ சமாதானப்படுத்தினேன்.

ஞாயிறு காலை முதல் அறையில் சுத்திகரிப்பு நடந்தது. இரண்டாம் அறையின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தனம் அழைத்து வந்த வயர்மேன் சுவர் இணைப்பைத் திறந்தார். மின்கம்பிகள் தன் வேலை இல்லை என்று தனம் தள்ளியே நின்றார். மூடி கழன்றதும் பழுப்புத் தண்ணீர் வயர்மேனின் மணிக்கட்டு வழியாக வழிந்தது. உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. வயர்மேன் மலாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். அந்த இணைப்பு ராமசாமி அங்கிள் உட்காரும் நாற்காலியினுடையது.

நான் தனத்தைப் பார்த்தேன். "பாத்தீங்களா?" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சாப்டீங்களா சிஸ்டர்? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு" என்றார். முருகையாவை அனுப்பி ரொட்டி சானாய் வாங்கி வரச் சொன்னார். அன்று மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நோயாளிக்காகக் கத்துனீங்க. உங்களுக்காகக் கத்தலியே" என்றதோடு முடித்துக்கொண்டார். திங்கள் மாலைக்குள் புதுக் கூடு உட்கார்ந்தது. தண்ணீர் வெளிப்புறம் ஓடும்படி மட்டம் வைத்துச் சற்றே சாய்த்து, விளிம்பைச் சுற்றி இடைவெளியில்லாமல் அடைத்தார். மின் இணைப்புகளை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். செவ்வாய் காலை அறையைத் திறந்தோம். தாளில் தனத்தின் கையெழுத்து இருந்தது.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொன்னால் அவரே சண்டைக்கு வருவார். ஒருமுறை பின்புறத்து அலுமினிய வலைகளுக்கு எவர்சில்வர் திருகாணி போட்டார், துருப்பிடிக்காது என்று. ஓராண்டில் திருகாணி பளபளவென்று இருக்க, அதைச் சுற்றியிருந்த அலுமினியம் வெள்ளை மாவாகிக் கொட்டியது. உப்புக் காற்றில் அந்த இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னுமாம். யாரும் கவனிப்பதற்கு முன்பே குழுவுக்கு வந்து, "இது என் தப்பு. வாஷர் வச்சிப் பிரிச்சிருக்கணும், அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, எட்டு வலைகளையும் மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் குழுவில் அவர் சொன்ன எதையும் யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் என்னிடம்தான் முதலில் சொன்னார், கணவரிடம் சொல்வதற்கும் முன்பே. "நீங்க தாதி. அழாம கேப்பீங்க" என்றார். அழாமல் கேட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன். அடுத்த வாரமே தன் இடத்துக்கு ஆள் தேடத் தொடங்கிவிட்டார். மூன்று பேரை வரச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் எடுப்பீங்க, பாஸ்?" முதலாமவர் அரை மணி என்றார். அடுத்தவர் இருபது நிமிடமே போதும் என்றார். ரவாங்கிலிருந்து வந்த மூன்றாமவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இழுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும், அக்கா" என்றார். தனம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இப்போது அந்த ரவாங்காரர்தான் வருகிறார். ஒரு குறையும் இல்லை.

பூச்சோங் வீட்டில் இறுதிச் சடங்கன்று கூட்டம் தெருவரை நின்றது. ராமசாமி அங்கிள் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். தன் நாற்காலிக்குப் பின்னால் சுவருக்குள் என்ன இருந்தது என்பதை அவரிடம் நான் பின்னாளில் சொல்லியிருந்தேன். முருகையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என் பேரப்பிள்ளைங்கள எத்தனையோ ஞாயித்துக்கிழமை பாத்துட்டேன்" என்றார். முருகையா அப்போதுதான் உடைந்து அழுதார்.

தனத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். நன்றாகக் கத்தத் தெரிந்தவள் நான். கோபமில்லாமல் மறுப்பது எனக்கு வராது. மறுத்துவிட்டு, எதிராளியை நட்டாற்றில் விடாமல் அவரோடு உட்கார்ந்து வேறு வழி தேடுவது அதைவிடக் கடினம். அதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

போன வாரக் கூட்டத்தில், இரண்டாம் அறையில் ஐந்தாவது நாற்காலி போடலாம் என்று தலைவர் சொன்னார். காத்திருப்போர் பட்டியல் நீளம், அவர் எண்ணம் நல்லது. ஆனால் ஐந்து நாற்காலி போட்டால், ஒருவர் மயங்கி விழும்போது அவசர மருந்துத் தள்ளுவண்டியை உள்ளே கொண்டுவர இடமிருக்காது.

"என்னால முடியாது, சார்" என்றேன். குரல் உயரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "வாங்க, சாமான் வைக்கிற ரூம அளந்து பாக்கலாம்" என்று அவரை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு நாற்காலிகளுக்கு அங்கே இடம் இருக்கிறது.