வரப்பை எடுத்துவிட்டு ஆடிய மேட்ச்

பெரிய ஸ்டேடியங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஃபுட்பால் லீக்கின் கடைசி டிவிஷன். தோற்போம் என்று தெரிந்தும் ஜெர்சியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நிற்கிறார்களே, அவர்கள். சின்ன வயதில் பழைய பேப்பர் கடையில் வாங்கிய பத்திரிகைகளில் இங்கிலாந்தின் நாலாம் டிவிஷன் கிளப்புகளைப் பற்றிப் படித்துப் பிடித்த பைத்தியம் இது. இங்கிலாந்துக்கு டிக்கெட் எடுக்க வக்கில்லாததால் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன்.

1991, பொங்கல் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துக்கே தெரிவதற்கு நாலு மாதம் முன்பு. லீக்கின் கடைசி டிவிஷனிலிருந்து ஏரிக்கரை டீம் என்ற கிராமத்து கிளப்பை நீக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு கிளப் எப்படிச் சாகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான், உண்மையைச் சொன்னால், கிளம்பினேன்.

தாம்பரத்தில் வாலாஜாபாத் பஸ், காலை 8.10. படப்பை வரை நின்றுகொண்டுதான் வந்தேன். சேரப்பணஞ்சேரியில் இறங்கும்போது மணி 9.05. அங்கிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் மண் ரோடு, நடைதான். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கதையில் வரும் பங்காளிகளின் வாரிசுகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கிளப்பின் வரலாறு சுவாரஸ்யமானது. மெட்ராஸில் ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போன நாலு பேர் அங்கே பந்தாடக் கற்றுக்கொண்டு ஊரில் ஆரம்பித்தது. இரண்டு முறை மேலே ஏறி, இரண்டு முறையும் அடுத்த வருஷமே இறங்கியவர்கள். சொந்த மைதானத்தில் மட்டும் புலி. காரணம், அந்த மைதானம் ஏரியின் உள்வாய். தண்ணீர் வற்றியதும் கம்பம் நட்டு ஆடுவார்கள். மண்ணில் எங்கே வெடிப்பு, எங்கே மேடு என்று இவர்களுக்குத்தான் தெரியும். வெளியூர்க்காரன் கால் உள்ளே போய் விழுந்து எழுவதற்குள் இவர்கள் கோல் போட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் ஏரி நிரம்பித் தளும்பியது. ஊரே சந்தோஷப்பட்டது, பதினொரு பேரைத் தவிர. சொந்த ஊரில் ஆட வேண்டிய கடைசி மேட்ச் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. மறுநாள், ஞாயிறு மாலை 3.30க்குள் மைதானம் காட்டாவிட்டால் கிளப்பை நீக்குவோம் என்று லீக் சொல்லிவிட்டது.

டீக்கடையில் விசாரித்தபோது கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "மேட்ச் பாக்கவா வந்த? கிரவுண்டே தண்ணில கீது. எத்திராஜு கழனில கயிறு புடிச்சிகினு நிக்கறான், போய்ப் பாரு."

எத்திராஜ்தான் கேப்டன், செயலாளர், கோல்கீப்பர் இல்லாத நாளில் கோல்கீப்பர். முப்பது வயது இருக்கும். படப்பைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அறுப்பு முடிந்த கழனியில் சவுக்குக் கம்பத்தோடு நின்றிருந்தான். திங்கட்கிழமை ஏரி மதகைத் திறந்து அடுத்த பயிருக்குத் தண்ணீர் விடுவார்கள். அதற்கு முன்னால் கழனி காய்ந்து கிடக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவன் பிடித்துவிட்டான். எனக்கு அங்கேயே அவனைப் பிடித்துப்போனது.

"லீக்ல தொண்ணூறு மீட்டர் கேக்கறான் சார். எங்க கழனி ரெண்டும் சேத்து அம்பத்தொண்ணு. அண்ணி கழனிய சேத்தா நூறு வந்துடும்" என்றான். "அண்ணி குடுக்கணும்."

அண்ணி என்றால் தனலட்சுமி, எத்திராஜின் பெரியப்பா மகனுடைய மனைவி. புருஷனுக்கு அம்பத்தூரில் வேலை. கழனியும் கோர்ட் கேஸும் அந்த அம்மாள் பொறுப்பு. கேஸ் எத்திராஜின் அப்பா முனுசாமி மேல்தான். இரண்டு கழனிக்கும் நடுவே உள்ள வரப்பை முனுசாமி இரண்டடி நகர்த்திவிட்டார் என்று அந்த அம்மாள் சொல்ல, நகர்த்தவே இல்லை என்று முனுசாமி சொல்ல, ஒன்பது வருஷமாக வாய்தா. இப்போது மேட்ச் ஆட அந்த வரப்பைத்தான் எடுக்க வேண்டும். ஊரில் வேறு வரப்பே இல்லையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எத்திராஜ் சிரிக்கவில்லை.

நானும் கூடப் போனேன். தனலட்சுமி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே அவன் சொன்னதைக் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உங்க நைனா மேல கேஸு போட்டவ நான். எங்கிட்டயே கழனி கேக்க வந்திருக்க. துணிச்சல்தான் உனக்கு."

"ஒரு நாளு அண்ணி. திங்கக்கெழம காலைல உன் கழனி உன் கையில."

"வரப்பு?"

"திருப்பிப் போட்டுடறோம்."

"எங்க போடுவ?"

அந்த அம்மாள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நான் கயிறு புடிக்கிற எடத்துல போடணும். ஊரு பாக்கப் போடணும். ஒத்துகினா எடு. இல்லன்னா பந்தத் தூக்கினு போய் ஏரில மெதக்க வுடு."

பட்டணத்துக்காரனான நான் மெதுவாக, "ரெண்டடிதானே எத்திராஜ்" என்றேன். அவன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கழனிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரி அண்ணி" என்றான்.

சாயங்காலம் டீமே மண்வெட்டியோடு கழனியில் இறங்கியது. செய்தி அதற்குள் முனுசாமிக்குப் போய்விட்டது. வந்தார். சண்டை போடுவார் என்று பயந்தேன். அவர் வரப்பின் நடுவில் போய்க் குந்திக்கொண்டார், அவ்வளவுதான். "வெட்டுங்கடா. என்னையும் சேத்து வெட்டுங்க."

யாரும் அவரைத் தொடவில்லை. இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டே வந்தார்கள். இருட்டுவதற்குள் வரப்பு முழுக்கப் போய், அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் ஒரு மேடையாக மிஞ்சியது. சாப்பாட்டுக்குத்தான் எழுந்து போனார், அப்போதும் அந்த மேட்டில் யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. விடிந்ததும் மறுபடி அதே இடம். பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து எழுந்து நான் பார்த்தபோது, மைதானத்தின் சரியான நடு வட்டத்தில் அவர் உட்கார்ந்திருக்க, பையன்கள் அவரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிர் டீம் மெட்ராஸிலிருந்து வேனில் 2.40க்கு வந்தது. ரெஃப்ரி டேப் வைத்து அளந்தார். நூற்றொரு மீட்டர். கழனிக்குக் கழனி அரை முழம் இறக்கம் இருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாலும் ஒத்துக்கொண்டார். பிறகு பெரியவரைக் காட்டி, "இவர் யாரு?" என்றார். 3.30 ஆயிற்று. பதினைந்து நிமிஷம் பொறுப்பேன், அதற்குமேல் முடியாது என்று கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார்.

நான் அழிவைப் பார்க்க வந்தவன். அந்தப் பதினைந்து நிமிஷம் நான் என் கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். ஏரிக்கரை டீம் வரிசையாக நின்றது, ஒருவனும் வெளியே போகவில்லை. எத்திராஜ் அப்பாவின் முன்னால் போய்க் குந்தினான். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"நைனா, இந்தக் கழனி உனக்கப்புறம் யாருக்கு?"

"உனக்குத்தான்டா, அறிவு கெட்டவனே."

"அப்ப அந்த ரெண்டடி எனக்குத்தான போவுது? எனக்கு வாணாம் நைனா. இது எனக்கு வேணும்." கையால் சுண்ணாம்புக் கோட்டைத் தட்டினான். "கோர்ட்ல நீ ஜெயிச்சாலும் அந்த ரெண்டடில நின்னு நான் இன்னா பண்றது?"

முனுசாமி குனிந்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாலு பேர் ஓடிவந்து மேட்டைக் கொத்தி மட்டமாக்கினார்கள். 3.43க்கு விசில்.

ஏரிக்கரை டீம் 1–3 என்று தோற்றது. நன்றாகவே தோற்றார்கள், அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நெல் தாள் குத்தி இரண்டு பக்கமும் ரத்தக் கால். ஏரிக்கரையின் அந்த ஒரே கோல், பந்து மேல் கழனியிலிருந்து கீழ்க் கழனிக்கு விழுந்து எகிற, மெட்ராஸ் கீப்பர் தலைக்கு மேலே போனது. ஊர்ச் சனம் வாணவேடிக்கை பார்த்ததுபோல் கத்தியது. முடிந்ததும் ரெஃப்ரி எத்திராஜிடம் கை கொடுத்து, "அடுத்த சீசன் பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவும்.

கிளப் இன்னும் இருக்கிறது, இன்னும் அடியில்தான் இருக்கிறது. பார்க்க நினைப்பவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து ஒரகடம் பஸ் எதிலும் ஏறலாம். ஞாயிறு காலை என்றால் ஐம்பது நிமிஷம். ஷிப்ட் விடும் நேரத்தில் இரட்டிப்பு. கண்டெய்னர் லாரிகள் பறக்கும் ரோடு, கடக்கும்போது அவசரப்படாதீர்கள். இப்போது ஆடுவது பஞ்சாயத்து மைதானத்தில். பாதிப் பேர் இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லம் வடகாலிலும் ரூம் எடுத்துத் தங்கிக் கம்பெனி வேலை பார்க்கும் தென்மாவட்டப் பையன்கள். ஓ.டி. விழுந்தால் மேட்ச் நேரம் மாறும், டீக்கடையில் கேட்டுவிட்டு உட்காருங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், நிழல் கிடையாது. ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும் என்று போகாதீர்கள்.

மேட்ச் முடிந்த அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மறுநாள் தண்ணீர் வரும் என்பதால் அப்போதே வரப்பைப் போட வேண்டும். ஊர் சுற்றி நிற்க, தனலட்சுமி கயிற்றோடு வந்தார். எத்திராஜ் பக்கம் இரண்டடி தள்ளி முளை அடித்தார். அரை அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும், ஒருவரும் முன்வரவில்லை. அப்போது முனுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கயிற்றை வாங்கினார். அந்த அம்மாள் காட்டிய இடத்திலேயே இழுத்துப் பிடித்து நின்றார்.

பையன்கள் மண்ணை வாரிப் போட்டு வழக்கம்போல் ஏறி மிதிக்க ஆரம்பித்தார்கள். கிழவர் அதட்டினார்.

"தண்ணி நிக்கற அளவுக்கு மிதிங்க, போதும். ரொம்ப இறுக்காதீங்கடா. வர்ற வருசமும் எடுக்கணும் இல்ல?"