சீவரத்தினத்தின் கம்பியும் குருநகர்ச் சிமியோனும்

சீவரத்தினம் அண்ணை அவசரக்காரர். பஸ் நிற்க முதலே இறங்கப் பார்ப்பார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் நூலகத்து எழுதுவினைஞராக இருந்த அவரை, தொண்ணூற்றைந்தில் சண்டையால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து வந்த பிறகு, சாவகச்சேரியில் ஒரு நிவாரணக் குழு பதிவு மேசையில் இருத்தியது. பக்கத்துக் கதிரையில் நான்.

நாலு ஃபுல்ஸ்காப் தாள்களை ஒட்டிப் பாய்போல விரித்து, குடும்பத் தலைவர் பெயர், ஊர், ஆள்கணக்கு, தங்குமிடம் என்று கோடு போட்டு எழுதினோம். ஒரு கிழமையில் நாலாயிரம் குடும்பங்கள். வந்த ஒழுங்கில் எழுதியதால், ஓர் ஆளைத் தேடுவதென்றால் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசிக்க வேண்டும். அரை நாள் போய்விடும். வாசலில் நின்ற சனம் எங்களைத் திட்டியது. திட்டத்தானே வேணும்!

அண்ணை பொறுக்கமாட்டாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய ஃபைல் மட்டைகளை ஒரே அளவாக வெட்டி, குடும்பத்துக்கு ஒரு மட்டை. எல்லா மட்டையின் விளிம்பிலும் ஊருக்கு ஒரு துளை. குருநகர்க் குடும்பமென்றால் அந்த மட்டையின் குருநகர்த் துளையை மட்டும் விளிம்புவரை வெட்டித் திறந்துவிடுவார். இருநூறு மட்டைகளை அடுக்கி, அந்தத் துளைக்குள்ளால் ஒரு சைக்கிள் கம்பியைக் கோத்துத் தூக்கினால், மற்றவை கம்பியில் தொங்கும். குருநகர் மட்டைகள் கீழே விழும். அரை நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. மனிதருக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை.

அப்போதுதான் யோசப்பின் வந்தாள். சனநெரிசலில் நாவற்குழிப் பாலத்தடியில் புருஷனைத் தவறவிட்டவள். மூன்று வயது மகள் அவனுடைய சைக்கிளில் இருந்தாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் இவளோடு.

“சிமியோன், குருநகர்,” என்றாள்.

கம்பி ஏறியது. மட்டைகள் விழுந்தன. அண்ணை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “இந்தா! சிமியோன், குருநகர். மூண்டு பேர். சந்தைக்குப் பின்னாலை இருக்கிற பள்ளிக்கூடம்.”

“ஐயா, அது நான் இருக்கிற இடமெல்லோ!”

“பேர் சிமியோன் எண்டு கிடக்குது?”

“என்னைப் பதியேக்கை குடும்பத் தலைவர் ஆரெண்டு கேட்டியள். அவர்தானே?”

அண்ணைக்கு மண்டை குழம்பியது. கம்பியை மாற்றினார். மட்டைகள் ஈரத்தில் ஒட்டியிருக்குமென்று வெயிலில் காயவைத்தார். ஒவ்வொரு கட்டாக மறுபடி தூக்கினார். அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய மட்டையே விழுந்தது. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனிதன் உயிரோடில்லையோ என்று பயந்தேன். அதை அவளிடம் யார் சொல்வது?

அவள் நாலாம் முறை வந்திருந்தபோது, பதிவு மேசைக்காரருக்கும் மட்டை வேண்டுமென்று குழுவிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அண்ணை தன்னுடையதை எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஊர் என்ற இடத்தில் பண்டத்தரிப்பு.

“என்ன அண்ணை, இருவது வருசமாத் திருநெல்வேலியிலைதானே இருக்கிறியள்?”

“அது மனிசியின்ரை ஊரடாப்பா. சீதனவீடு. எந்த ஊரெண்டு கேட்டால் நான் பிறந்த ஊரைத்தானே...”

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிலில் இருந்தவளைப் பார்த்தார்.

“பிள்ளை, உன்ரை மனிசன் பிறந்தது எங்கை?”

“மாதகல். கலியாணத்துக்குப் பிறகு எங்கடை வீட்டிலைதான்.”

மாதகல் துளையில் கம்பி போனது. ஏழாவது கட்டில் விழுந்தது: சிமியோன், மாதகல், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடம்.

அவள் எழும்பவில்லை. “எத்தினை பேரெண்டு போட்டிருக்கு?”

“ரெண்டு பேர், பிள்ளை. ரெண்டு பேர்.”

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அண்ணை சிரித்தபடி மட்டையைத் திருப்பினார். பின்புறத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. தேடி வருகிறவர்களின் மட்டையில் குறிப்பு எழுதுவது அவருடைய வழக்கம்.

“என்ன ஐயா எழுதிக்கிடக்கு?”

அவர் ஒளிக்கவில்லை. மெதுவாக வாசித்தார்.

“பதினாலாம் திகதி காலை. மனைவி யோசப்பின், குருநகர். அவரைத் தேடிச் சிமியோன் வந்தார். யோசப்பின் என்ற பெயரில் மட்டை இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அண்டைக்குப் பின்னேரம் நானும் இஞ்சை வந்தனான், ஐயா.”