சார்ட்டில் ‘நில்’, வார்டிலும் நில்

1. மன அமைதி வகுப்பு

நர்சுகளின் களைப்பைப் போக்குவதற்காக எங்கள் இல்லத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள். எங்களில் பாதிப் பேருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஆஃப். வராதவர்களுக்கு ஒரு நாள் லீவு கழிக்கப்படும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். மன அமைதிக்கு இதைவிட நல்ல வழி யாருக்குத் தோன்றும்!

சின்னமனூருக்கு வெளியே ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் பதினோரு வருஷம் நர்சிங் இன்சார்ஜாக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவள் நான். முப்பத்திரண்டு பெட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோனவர்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். எங்களிடம் வருகிறவர்கள் வருஷக்கணக்கில் இருப்பார்கள். "ஏத்தா, எம்மவன் வந்துட்டானா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பவருக்கு நாற்பது தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலையில் உடம்புக்கு முன்னால் மனசு தேய்ந்துபோகும். இதற்கு வரப்போகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வகுப்பெடுக்க மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கண்ணை மூடி, அருவிக்கரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். என் பக்கத்தில் செல்வராணி இருந்தாள். இல்லம் திறந்த நாளிலிருந்து என்னோடு இருந்தவள். லோயர் கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போனவள். அவள் என் காதில் சொன்னாள்: "அக்கா, அருவின்னு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. காலையில பஸ் ஏறுனதுல இருந்து அடக்கிக்கிட்டுக் கெடக்கேன். முட்டிக்கிட்டு வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. மறுநாள் மேனேஜர் ஸ்டாஃப் பாத்ரூம் கதவில், ‘உங்கள் நலமே எங்கள் பலம்’ என்று ஒரு போஸ்டர் ஒட்டினார். அந்தக் கதவைத் திறக்க எங்களுக்கு எங்கே நேரம்?

2. நாற்காலி

நர்ஸ் ஸ்டேஷனில் முன்பு இரண்டு நாற்காலிகள் இருந்தன. வார்டில் கேமரா மாட்டி, சொந்தக்காரர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்த பிறகு பிடித்தது சனி. சென்னையில் ஒரு மகன், துபாயில் ஒரு மகள். அம்மாவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, எங்களை நன்றாகப் பார்த்தார்கள்.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், பதிமூணாம் பெட்டு பார்ட்டி போன் பண்ணுனாக. உங்க ஸ்டாஃப் சும்மா உக்காந்திருக்காகளாம்."

"சார், சும்மா உக்காரல. சார்ட் எழுதுறாக."

"கேமராவுல அது தெரியுமா? நின்னுக்கிட்டே எழுதச் சொல்லுங்க."

அடுத்த நாள் நாற்காலிகள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. நான் ஏதாவது செய்தேனா என்றால், செய்தேன். "பிள்ளைகளா, கொஞ்ச நாளைக்கு நின்னுக்கிட்டே எழுதுங்க, பிரச்சனை வேணாம்" என்று சொன்னேன். எரிச்சல் முழுவதையும் மேனேஜர் மேல் கொட்டிவிட்டு, அவர் சொன்னதை நானே நிறைவேற்றினேன்.

பன்னிரண்டு மணி நேர டூட்டியில் பதினாறு பெட்டுக்கு ஒரு நர்ஸ். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். டயப்பர், டியூப் ஃபீடிங், சுகர் டெஸ்ட், டிரெஸ்ஸிங். நடுவில் வீடியோ கால் வரும்: "சிஸ்டர், எங்கப்பா முகம் ஏன் வாடியிருக்கு?" எங்கள் முகம் வாடியிருப்பதை ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை.

3. கஞ்சி

செல்வராணி கைராசிக்காரி. அவள் வார்டில் ஒருவருக்கும் படுக்கைப்புண் கிடையாது. ஆறாம் பெட்டு பாண்டியம்மாவுக்குப் பக்கவாதத்தில் விழுங்குவது சிரமம். அரைக் கரண்டி கொடுத்து, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். செல்வராணி அவரிடம் வம்பளந்துகொண்டே ஊட்டுவாள். "வாயத் தெறங்க ஆத்தா, இல்லாட்டி ஒங்க பங்கையும் நானே குடிச்சுப்புடுவேன்" என்பாள். பாண்டியம்மா கோணின வாயோடு சிரிப்பார்.

கொஞ்ச நாளாக அந்த வம்பளப்பு நின்றுபோயிருந்தது. நான் கவனித்தேன். வீட்டில் ஏதோ பிரச்சனை போல என்று விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம் ஆறாம் பெட்டிலிருந்து இருமல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், பாண்டியம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. செல்வராணி அடுத்த கரண்டியை வாயருகே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உடனே பாண்டியம்மாவைச் சாய்த்து, சக்ஷன் போட்டு, உள்ளே போன கஞ்சியை உறிஞ்சி எடுத்தோம். தப்பித்தார்.

"ஏண்டி, பைத்தியமா ஒனக்கு? இருமுறது காதுல விழுகலையா?" என்று கத்தினேன்.

"விழுந்துச்சு அக்கா. விழுந்தும் கை நிக்கல. இன்னும் ஏழு பேருக்கு ஊட்டணும்னுதேன் மனசுல ஓடுச்சு" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாண்டியம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு அவளே சொன்னாள்: "எங்கைய எனக்கே நம்ப முடியல. இந்த மாசத்தோட நான் நின்னுக்கிறேன். ஒரு உசுரக் கொன்னுட்டுப் போறதுக்கு, இப்பவே போறது நல்லது."

நேராக மேனேஜரிடம் போனேன். ஒரு ஆள் கூடுதலாக வேண்டும், சாப்பாட்டுக்கு நேரம் வேண்டும் என்று கேட்டேன். "எதுவானாலும் ரைட்டிங்ல குடுங்க சிஸ்டர்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ரைட்டிங்தானே, இருடா தருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு ஐ-ஓ சார்ட் எடுத்தேன். நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று மணிக்கணக்கில் எழுதும் தாள் அது. மேலே ‘செல்வராணி, வயது 35’ என்று எழுதினேன். காலை ஏழு மணியிலிருந்து அவளைக் கவனித்து எழுதினேன். இன்டேக்: டீ ஒன்று, இட்லி ஒன்றரை. அவுட்புட்: நில், அதாவது ஒன்றுமில்லை. அடுத்த மணி: நில். அடுத்த மணி: நில். எழுதும்போதே சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சார்ட்டிலும் நில், வார்டிலும் நில்! மேனேஜர் முகத்தில் எறிய நல்ல ஆதாரம் கிடைத்தது என்று நினைத்தேன். சாயங்காலம் நாலு மணியோடு சார்ட்டை முடித்து, மறுநாள் கடிதத்தோடு கொடுக்கலாம் என்று ஸ்டேஷனில் இருந்த கிளிப்போர்டில் செருகி வைத்தேன்.

4. எந்த பெட்?

மறுநாள் புதன். அல்லிநகரத்திலிருந்து டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நாள். வயசானவர், கண்டிப்பானவர். வழக்கம்போல ஸ்டேஷனில் இருந்த சார்ட்களை அள்ளிக்கொண்டு புரட்ட ஆரம்பித்தார். திடீரென்று நின்றார்.

"இது யாரு புது அட்மிஷன்? முப்பத்தஞ்சு வயசு. நேத்து ஒம்பது மணி நேரமா அவுட்புட் நில். கேத்தட்டர் போட்டீகளா? கிட்னி டெஸ்ட் அனுப்புனீகளா? எனக்கு ஏன் போன் பண்ணல? எந்த பெட்டு?"

பி.பி. மிஷினைப் பிடித்தபடி அவருக்குப் பின்னாலேயே நின்ற செல்வராணிதான் சொன்னாள். "பெட்டு இல்ல டாக்டர். அது நாந்தேன்."

வார்டு உதவியாளர்கள் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "இத எழுதுனது யாரு?"

"நாந்தேன் டாக்டர். மேனேஜர் சாருக்கு எழுத்துல காட்டலாம்னு..."

"ஒம்பது மணி நேரம் பக்கத்துல இருந்து பாத்து எழுதியிருக்கீக. எழுதிட்டு என்ன செஞ்சீக?"

என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

"இதே ஒரு பேஷண்டா இருந்து, நீங்க இப்படி நில் நில்லுன்னு எழுதிட்டு நின்னிருந்தா, உங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

அப்போது செல்வராணி மெதுவாகச் சொன்னாள்: "பன்னண்டு மணிக்கு நான் கேட்டேன் அக்கா, பாத்ரூம் போயிட்டு வரட்டான்னு. ஆறாம் பெட்டத் திருப்பிட்டுப் போன்னீக. அப்பறம் இன்னொரு பெட்டுல பெல் அடிச்சுருச்சு."

கேட்டாள். நான் சொன்னேன். பன்னிரண்டு மணிக் கட்டத்திலும் ‘நில்’ என்றுதான் என் கையால் எழுதியிருக்கிறேன். இத்தனை நாள் மேனேஜரையும் கேமராவையும் துபாய் மகளையும் திட்டிக்கொண்டிருந்தேன். அவளைப் போகவிடாமல் நிறுத்தியது நான்தான். என்மேல் எனக்கே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

டாக்டர் போய் மேனேஜரிடம் பேசினார். கூடுதல் ஆள் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் காத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யோசித்தேன். "போய்ச் சாப்பிடு", "உடம்பைப் பாத்துக்கோ" என்று எத்தனையோ தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பதினாறு பெட்டும் அவள் தலையில், மருந்து அலமாரிச் சாவி அவள் இடுப்பில். எப்படிப் போவாள்? இன்சார்ஜ் ஆகப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், வாயால் சொல்லும் அக்கறை நர்சுக்கு இன்னொரு வேலை. அவளுடைய பெட்டுகளை நீங்கள் வாங்கிக்கொண்டால்தான் அது ஓய்வு.

அன்று மதியம் ஒரு மணிக்கு அவள் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். "சாவியக் குடு. ஒன்னுல இருந்து பதினாறு வரைக்கும் இப்ப என் பெட்டு. பாண்டியம்மாவுக்கு நான் ஊட்டுறேன். அரை மணி நேரம் இந்தப் பக்கம் தலையக் காட்டாத."

அவள் நகரவில்லை. இடுப்பிலிருந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். "நெசமாவா அக்கா?" என்று கேட்டாள். திங்கட்கிழமை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பதினோரு வருஷத்தில் அந்தச் சாவியை நான் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.