வயதின் காரணமாக

பயிற்சி வகுப்புக்கு எங்கள் இல்லத்தில் எல்லாரும்தான் போவார்கள். போனதும் கடைசி வரிசையைப் பிடிப்பார்கள், வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள், பிஸ்கட் வரும்போது முழித்துக்கொள்வார்கள். முதல் வரிசை நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவது, நோட்டும் கையுமாகத் திரிவதால் நாங்கள் நோட்டு அக்கா என்று கூப்பிடுகிறவர் ஒருவர்தான். பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் முதல் பத்து நிமிடம் அவரைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அக்கா கேட்கிற கேள்விகள் அப்படி.

நான் அந்த முதியோர் இல்லத்தின் அலுவலக எழுத்தர். முப்பத்திரண்டு படுக்கை, இரண்டு மாடி, வாரத்துக்கு ஒருமுறை கோபித்துக்கொள்கிற ஒரு லிஃப்ட். எங்கள் பராமரிப்புப் பணியாளர்கள் மூன்று வருடத்துக்குள் முப்பது மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். முடித்தால்தான் பதிவு அலுவலகத்தில் அவர்களுடைய பணிப் பதிவைப் புதுப்பித்துத் தருவார்கள். பதிவு இல்லையென்றால் ஒரு பெரியவரின் கையைக்கூடப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக முடியாது. அக்காவுக்கு முப்பது மணி நேரமும் முதல் வருடத்திலேயே முடிந்துவிடும். அப்புறமும் விடாமல் போவார்.

"இதுக்கு மேலயும் போனா மெடலா கொடுக்கப் போறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெடலை வச்சு நான் என்ன பண்றது? வாய்க்குள்ள புண்ணு இருக்கான்னு எப்படிப் பாக்கணும்னு சொல்லித் தராங்களாம்" என்றார். அன்றைக்கு மழை வேறு. நனைந்துகொண்டே போனார்.

அவர் வந்த வழியும் சாதாரணம் இல்லை. எட்டு வருடம் எங்கள் சலவை அறையில் படுக்கை விரிப்பு துவைத்தவர். அப்போது ஒருநாள், 'ஊழியர்கள் அனைவரும்' என்று நோட்டீஸில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஈரக் கையோடு படுக்கைப் புண் பற்றிய வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். இது உங்களுக்கு இல்லை என்று யாரோ சொன்னார்கள். அக்கா எழுந்து போகிற வழியில் திரும்பி, "புண்ணு வர்றதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே விரிப்புல ஒரே இடத்துல லேசா கறை விழும். இதை நான் யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டார். சொல்லித் தந்துகொண்டிருந்த நர்ஸ் அவரைத் திரும்ப உட்கார வைத்தார். அதற்கடுத்த வருடம், முப்பத்தெட்டாவது வயதில், அடிப்படைச் சான்றிதழ் வாங்கி மாடிக்கு ஏறிவிட்டார். இப்போது பதினாறு வருடம் ஆகிறது.

வகுப்பு முடிந்த அன்று மாலை அவர் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். பாவம், தையல்காரர். மெஷினை விட்டு எழுந்ததும் சமையலறை நாற்காலியில் நோயாளியாக உட்கார வேண்டும். "கால்ல பலமில்லாத மாதிரி நடிங்க" என்பார் அக்கா. "நடிக்க வேண்டாம், காலைலேருந்து மெஷினை மிதிச்சு நிஜமாவே பலமில்ல" என்பார் அவர். மகள் நோட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கேள்வி கேட்பாள். நானே ஒருமுறை போயிருந்தபோது அந்த மனிதர் கழுத்தில் துண்டைக் கட்டி ஸ்பூனில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற சம்பளம் அக்காவுடையது மட்டும்தான். அதனால் அவர் அலுத்துக்கொண்டாரே தவிர, ஒருநாளும் மறுக்கவில்லை.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன். பதிவைப் புதுப்பிக்கும்போது 'கற்றதும் மாறியதும்' என்று ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன கற்றீர்கள், அதற்கு முன் என்ன தவறு செய்தீர்கள், இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்று சொந்தக் கையால் ஒரு பக்கம். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. அதனால் நான் ஒரு மாதிரி வைத்திருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண் எப்போதோ எழுதியது. கையை இருபது விநாடி கழுவ வேண்டும் என்று கற்றுக்கொண்டேன், இப்போது கழுவுகிறேன், அவ்வளவுதான். பத்து வருடமாக எல்லாரும் அதைப் பார்த்துதான் எழுதினார்கள். இரவுப் பணியில் இருக்கிற மீசைக்கார அண்ணன் 'பிரசவ விடுப்பு முடிந்து வந்த நான்' என்பதைக்கூட மாற்றாமல் எழுதிக் கொடுத்தார். அதுவும் தேறிவிட்டது. எங்களுக்கு ஒரு வாரம் சிரிப்பு.

போன வருடம் தூக்கி உட்கார வைப்பது பற்றி ஒரு வகுப்பு நடந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். "உக்காந்திருக்கவங்கள எழுப்பும்போது அக்குள்ல கைவிட்டுத் தூக்குவீங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் பெருமையாகக் கை தூக்கினார்கள். "அப்படித் தூக்கவே கூடாது. உடம்போட கனம் முழுக்க தோள் மூட்டுல விழும். மாசக்கணக்கா பண்ணினா தோள் கெட்டுப்போகும்" என்றாள். இடுப்பில் பெல்ட் கட்ட வேண்டும், பாதத்தைப் பின்னால் இழுத்து வைக்கச் சொல்ல வேண்டும், அவர்களே முன்னால் சாய்ந்து எழுந்திருக்க நாம் துணைக்கு நிற்க வேண்டும் என்று செய்து காட்டினாள். மற்றவர்கள் பெல்ட் எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லையோ என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் நேராகப் போனது போஸ்ட்மேன் ஐயாவின் அறைக்கு. தபால் கொண்டு போயே முப்பத்தைந்து வருடம் நடந்த மனிதர். கால் பலமிழந்து எங்களிடம் வந்து இரண்டு வருடம். பதினோரு மாதமாக வலது தோள் வலி, கையைத் தூக்க முடியாது, சாப்பாடு ஊட்டிவிட வேண்டும். காலையில் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது அக்காவின் வேலை. நான் மருந்துச் சீட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

அக்கா நாற்காலி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஐயா, உங்க தோளைக் கெடுத்தது நான்தான்னு நினைக்கிறேன்."

பெரியவர் இடது கையால் வலது தோளைத் தடவிக்கொண்டார். "தூக்கும்போது வலிக்குதுன்னு சொன்னேனேம்மா."

"சொன்னீங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு சொன்னே."

"ஆமாய்யா. சொன்னேன்."

"தபால் பை தூக்கின தோளு, அதான் இப்படி ஆயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "சரி, இப்ப எப்படித் தூக்கப் போறே? காட்டு" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெல்ட்டை எடுத்தார்.

அந்த வருடம் அக்காவுக்குப் பதிவு புதுப்பிக்கிற முறை. மாதக் கடைசிக்குள் தாள் போய்ச் சேர வேண்டும். நான் வழக்கம்போல மாதிரியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நடந்தது அத்தனையும் தன் குண்டுக் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். 'அவர் வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் அலுவலகத்தில் சொன்னேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் கைகளை நான் பார்க்கவில்லை' என்று முடித்திருந்தார். படித்ததும் எடுத்துக்கொண்டு ஓடினேன். இல்லத்துப் பொறுப்பாளரான மேட்ரனிடம் காட்டினேன். "இது தாள் இல்ல, வாக்குமூலம். இதை அனுப்பினா பதிவும் போகும், வேலையும் போகும். அந்தம்மாவுக்கு அது புரியாது, நீ பாத்துப் பண்ணு" என்றார்.

நானும் பார்த்துப் பண்ணினேன். அக்காவின் பக்கத்தை எடுத்து மேஜைக்குள் வைத்துவிட்டு, கை கழுவுகிற மாதிரியை அவர் பெயரில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டிருந்த முகப்புத் தாளோடு சேர்த்து அனுப்பினேன். அவருக்கு நல்லது செய்துவிட்டதாக அன்றைக்கு நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

பத்து நாளில் பதிவு அலுவலகத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது. 'கை கழுவுதல் குறித்த தங்கள் தாள் பெறப்பட்டது.' அக்கா அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"நீங்க நல்லா இருக்கணும்னுதான்க்கா..." என்று இழுத்துக்கொண்டே மேஜையைத் திறந்து உள்ளே இருந்த அவர் பக்கத்தைக் காட்டினேன்.

"பதினாறு வருஷமா கை கழுவிட்டுதான் வேலை பாக்கறேன். அதுவா நான் கத்துக்கிட்டது?" அவர் குரலே உயரவில்லை. "அந்த மனுஷன் தோளைக் குடுத்து எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காரு. அதைப்போய் மேஜைக்குள்ள வச்சுட்டியே."

என் பக்கத்தைக் கொடு என்று கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிப் பதிவு அலுவலகத்துக்குப் போய், "தாள் மாறிப்போச்சு, இதுதான் என்னோடது" என்று கொடுத்துவிட்டு வந்தார். மாற்றியது யார் என்று அங்கே மூச்சுவிடவில்லை.

இந்தத் தாளை அவர்கள் படித்தார்கள். மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு ஆய்வு அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். மெலிந்த அம்மா, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மேட்ரன் அறையில் அக்காவையும் என்னையும் நிற்க வைத்து, போஸ்ட்மேன் ஐயாவின் ஃபைலை எடுக்கச் சொன்னார்.

"நீங்களே பாருங்க மேடம், மாசாமாசம் தெளிவா எழுதியிருக்கு" என்றார் மேட்ரன்.

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். 'தோள் வலி. காரணம்: வயதின் காரணமாக.' 'தோள் வலி. காரணம்: வயதின் காரணமாக.' பதினோரு மாதமும் அதே வரி.

"ஃபைல்ல வயசுன்னு இருக்கு. உங்க தாள்ல வேற இருக்கு. எது உண்மை?" என்று அக்காவைக் கேட்டார்.

"தாள்ல இருக்கறதுதான் மேடம்."

"அப்ப ஃபைல்ல இருக்கறது பொய். தவறாத் தூக்கினதை மன்னிக்கலாம், அப்ப உங்களுக்குத் தெரியாது. பொய்யா எழுதினா பதிவை ரத்து பண்ணணும். இதை எழுதச் சொன்னது நீங்களா?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஏறிப் போய் என்னைக் காட்டிக் கொடுக்காத மனுஷி, இப்போதும் காட்டிக் கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சும்மா நின்றால் போதும், நான் தப்பித்துவிடுவேன். அந்த ஒரு நிமிடத்தில் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"நான் எழுதினது மேடம்" என்றேன். "வலிக்குதுன்னு சொல்றாருன்னு அக்கா வந்து சொல்வாங்க. அவ்வளவுதான் சொல்வாங்க. பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட்டா ஆய்வுல கேப்பாங்கன்னு நானே வயசுன்னு எழுதினேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன். ஒருநாள்கூட அவர்கிட்டயே எப்படி வந்துதுன்னு கேட்டதில்ல. தாளை மாத்தினதும் நான்தான்."

மேட்ரன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்ததையும்தான்.

அக்காவின் பதிவைப் புதுப்பித்தார்கள். ஆனால் மூன்று மாதம் வேறொருவர் மேற்பார்வையில் தூக்க வேண்டும், தூக்குகிற வகுப்பை மறுபடியும் முழுதாகப் படிக்க வேண்டும் என்று நிபந்தனை. தண்டனை என்று எங்களுக்கெல்லாம் முகம் தொங்கிவிட்டது. அக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "அன்னிக்கு ஒரு கேள்விகூடக் கேக்க முடியல. நல்லதாப் போச்சு" என்று புது நோட்டு வாங்கப் போய்விட்டார். இப்படி ஒரு பிறவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதோடு ஒரு வெறும் தாளையும் இணைத்திருந்தார் அந்த அதிகாரி. எழுத்தர்கள் எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுங்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தார். கற்றது என்ன என்ற கட்டத்தில் அக்காவைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். கட்டம் போதவில்லை, இத்தனை பக்கம் ஆகிவிட்டது. அந்தப் பழைய மாதிரியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மீசைக்கார அண்ணன் இப்போது சொந்தமாக எழுதத் தெரியாமல் தினமும் என் உயிரை வாங்குகிறார்.

மாறியது என்ன என்பதற்கு, இன்று காலை மாடிக்குப் போய்ப் பார்த்து ஃபைலில் எழுதியதை அப்படியே தருகிறேன். 'போஸ்ட்மேன் ஐயா இன்று தானே தலை சீவிக்கொண்டார். வலது கை. காது வரைக்கும்தான் போகிறது, அதற்கு மேல் வலிக்கிறது என்கிறார். காரணம்: நாங்கள்.'