மாமன் மடி

வேனை நிறுத்தினால் வெள்ளியங்கிரி ஹாரனைத் தொடமாட்டார். இறங்கிப் போய், வாசலுக்கு வாசல் முறை சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏனுங் அத்தை, கம்பெனிக்கு நேரமாகலீங்களா?" அவிநாசிபாளையத்து லைன் வீடுகளில் பாதிப்பேர் பனியன் தைக்க வந்த தெற்கத்திச் சனம். ஒருத்தரும் அவருக்கு உறவில்லை. புதிதாக யார் ஏறினாலும் முதல் வாரத்திலேயே, "ஊர்ல உங்களுக்கு யாராரு இருக்கறாங்க?" என்று கேட்டுவிடுவார். 'டிரைவர்' என்று யாராவது கூப்பிட்டால், காது கேளாதவர் போல வேன் கண்ணாடியைத் துடைப்பார்.

தைத்த பனியனைப் பார்த்துக் கழிக்கிற செக்கிங்கில் நிற்கிற அனுசுயா பரமக்குடிப் பக்கம். அண்ணன் ராக்கையாவின் பேச்சை மீறி முனீஸைக் கட்டிக்கொண்டு வந்தவள். அன்றோடு பிறந்த வீடு அற்றுப்போயிற்று. இப்போது மகள் அபிராமிக்குக் காது குத்த வேண்டும். உட்காரவைக்கத் தாய்மாமன் மடி இல்லை.

"நீங்கதேன் அண்ணே உக்காரணும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் உடனே சரி சொல்லவில்லை. ராக்கையாவின் நம்பரை வாங்கி, கடைவாசல் ஒரு ரூபாய்ப் போனில் பேசினார். அதே வேனில் போகிற நானும் பக்கத்தில் நின்றேன்.

"உங்க தங்கச்சி மவளுக்கு ஞாயித்துக்கெழமை காதுகுத்துங்க. என்னைய மடியில வெக்கச் சொல்றாங்க. உங்க எடமுங்க. கேக்காம எப்பிடி உக்கார்றது?"

பதில் எனக்கே கேட்டது. "அவளுக்குத்தேன் அண்ணன் செத்துட்டானே! எவன் உக்காந்தா எனக்கென்ன?"

"சேரிங்க. நீங்க வந்தா எந்திரிச்சுக்கறனுங்க."

வீட்டில் அவர் மனைவி சாரதாமணி பிடித்துக்கொண்டாள். "எந்தம்பி ஊட்டு விசேசம்னா மட்டும் உங்குளுக்கு வேன் ஓட்டோணும். ஊருக்கு மாமனாகறதுக்கு லீவு கெடைக்குதாக்கும்!" சொன்னவளே புதுத்துண்டும் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தார். வெள்ளியங்கிரி மடியில் பிள்ளை வீறிட்டு அழுதது. அப்போதுதான் வாசல் தூணோரம் ஒரு ஆள் தயங்கி நிற்பது தெரிந்தது. பஸ்ஸில் கசங்கிய வேட்டி, கையில் மஞ்சள்பை. மூக்கு அப்படியே அனுசுயா மூக்கு. அவளும் பார்த்துவிட்டாள். அவனுக்கு உள்ளே வரக் கால் எழவில்லை.

"ஆசாரி, கொஞ்சம் பொறுங்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டே எழுந்தார் வெள்ளியங்கிரி. போய் ராக்கையாவின் கையைப் பிடித்தார். "வாங்க தம்பி, இன்னொரு காது பாக்கியிருக்குது."

பலகையில் அவனை உட்காரவைத்து, புதுத்துண்டை அவன் மடியில் விரித்து, பிள்ளையை இறக்கினார். பிறகு எதிரே தரையில் குந்திக்கொண்டு, உதைக்கிற அந்தச் சின்னக் கால்களைப் பிடித்துக்கொண்டார்.