அறுபத்தொன்றாவது செல்

நம்பினால் நம்புங்கள். இது பட்டப்பகலில், டியூப் லைட் எரிகிற லேபில், எனக்கு நடந்தது.

என் வேலை அளப்பது. கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைத் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் சுற்றி மவுஸால் கோடு இழுப்பேன். கம்ப்யூட்டர் அளவு சொல்லும். சிறிதாக, உருண்டையாக இருந்தால் நல்லது. பெருத்துக் கோணலானால் நோய். ஒரு ஸ்லைடுக்கு நூறு செல் அளந்தே ஆக வேண்டும். ஒரே ஒருமுறை, 317-ம் எண் ஸ்லைடில், அறுபதோடு கை ஓய்ந்துபோய், மீதி நாற்பதுக்குப் பழைய அளவுகளையே காப்பியடித்துப் போட்டேன். 'நோய் இல்லை' என்று ரிப்போர்ட் போனது. அந்தப் பெண் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து என் மேசைக்கு வந்தது என் அக்காவின் ஸ்லைடு. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. காலையில் போனில் அழுதாள்.

"கர்ப்பப்பையை எடுக்கணும்னு மட்டும் சொல்லிடாதடி."

"அழாதக்கா. ஒண்ணும் இருக்காது."

மதியம் 1.10. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அளந்தேன். அறுபதும் தங்கம். போன உயிர் திரும்பி வந்தது. இதோடு நிறுத்திவிடலாமா என்று... ஆமாம், நினைத்தேன். மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

1.32.

டிக்.

நான் அழுத்தவில்லை. திரையில் கோடு ஒன்று மெல்ல ஊர்ந்து, அறுபத்தொன்றாவது செல்லின் கருவைச் சுற்றியது. பெரிய கரு. கோணல்.

டிக். அடுத்தது அதைவிடப் பெரிது.

மவுஸ் வயரைப் பிடுங்கினேன்.

டிக்... டிக்...

கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரமாக.

"எண்ணு."

பெண் குரல்.

அழுதுகொண்டே எண்ணினேன்.

நூறு.

1.41.

அந்த நாற்பதையும் அழித்தேன். திரும்ப வந்து நின்றன. எங்கள் லேப் டாக்டரம்மாவும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தள்ளிப்போட முடியாதும்மா." மறுவாரம் அக்காவின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததை முழுசாகச் சோதித்தோம். நோயின் சுவடே இல்லை.

"சில சமயம் முதல்ல எடுத்த துணுக்கோடயே போயிடும்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு மனசு ஆறவில்லை. அலமாரியிலிருந்து 317-ஐ எடுத்து, அன்று விட்டுப்போன நாற்பதையும் அளந்தேன். அக்காவின் அளவுத் தாளைப் பக்கத்தில் வைத்தேன். நாற்பதும், புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் வரை, அதே அளவு.

புற்றுநோய் வார்டின் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த 317-ம் எண் பெண் இறந்தது, நான் அக்காவின் ஸ்லைடை அளந்த அதே நாள். மதியம் 1.32.

அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. நேற்றுகூட என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒழுங்கா எண்ணினதாலதான்டி நான் உயிரோட இருக்கேன்."